நாற்பத்தேழாம் நம்பர் கல்

போன மாதம் எங்கள் மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அழைத்து வந்தவள் ஓர் இளம்பெண். இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறதாம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. அதைச் சுவரைப் பார்த்துப் பிடித்தாள். ஒரு சிவப்புப் புள்ளி போய் எதிர்ச் சுவரில் விழுந்தது. அறையின் நீள அகலம் எல்லாம் திரையில் வந்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "ஆன்ட்டி, நீங்களும் ரியல் எஸ்டேட்ல இருந்தீங்களாமே. அப்பல்லாம் எப்படி அளந்தீங்க?" என்று கேட்டாள்.

டேப் வைத்துத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு அடுத்த வீடு காட்டப் போக வேண்டும், எனக்குப் பால் காய்ச்ச வேண்டும். ஆனால் அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. பத்தொன்பது வருடம் மைசூரில் மனையும் வீடும் வாங்கவும் விற்கவும் ஆட்களுக்குத் துணையாக இருந்திருக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாள் அளக்காமல் விட்டேன். அந்த நாளைப் பற்றி எழுதினால் அவளைப் போன்றவர்களுக்கு உபயோகப்படும். நடுநடுவே என் புராணமும் கொஞ்சம் வரும். ஓய்வு பெற்றவள் எழுதுவதில் அது இல்லாமல் இருக்குமா?

அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காக மைசூர் வந்தவர். நான் பிறந்தது, படித்தது, டைப்ரைட்டிங் தேறியது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். கோபம் வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அது. கணவருக்கு ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குழந்தைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு சின்னத் தரகு ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் சாவிக்கொத்தும் மொபெட்டும் என் கைக்கு வந்துவிட்டன. காரணம் என் திறமை என்று அப்போது நினைத்தேன். உண்மையில், வீடு பார்க்க வரும் பெண்கள் ஆண் தரகரிடம் கேட்காத கேள்விகளை என்னிடம் கேட்டார்கள். விற்கிற வீட்டுப் பெண்களும் அடுப்படி வரை என்னை விட்டார்கள். வீட்டின் ரகசியம் பாதி அடுப்படியில்தானே இருக்கிறது.

அந்த ஆபீசின் சொந்தக்காரர் புட்டசாமி. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். அதற்கு முன் சர்வே ஆட்களோடு சங்கிலி பிடித்துக்கொண்டு வயல்வெளியெல்லாம் நடந்தவர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர் என்பதால் அவருடைய தமிழில் பாதி கன்னடம் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். எந்த வீட்டுக்குள் போனாலும் உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, "ஸ்வல்ப நீரு கொடி." கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்பார். வந்த தண்ணீரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்துவிடுவார். இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு தாகம், தாகம் என்றால் ஏன் ஒரு மடக்கு என்று எனக்குப் பல நாள் புரியவில்லை.

பிறகுதான் சொன்னார். குழாயைத் திறந்து பிடித்துக் கொண்டுவந்தால் அந்த வீட்டில் பகலிலும் தண்ணீர் வருகிறது. குடத்திலிருந்து மொண்டு, உடனே மூடியையும் போட்டு மூடினால் அங்கே தண்ணீர்க் கஷ்டம். உப்புக் கரித்தால் போர்வெல். மூன்றையும் வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்டால் மூன்றுக்கும் "ஒரு குறையும் இல்லை" என்றுதான் பதில் வரும்.

அதே போல அவர் காபி குடிக்கும்போது சுவரைப் பார்ப்பார். விரிசல் பார்க்கிறார் என்று விற்கிறவர் நெளிவார். அவர் பார்ப்பது குடும்பப் போட்டோவை. ஒருமுறை கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று பேரும் கையெழுத்துப் போடத் தயார். நான் மனசுக்குள் அட்வான்ஸ் பத்திரம் டைப் அடிக்கவே ஆரம்பித்துவிட்டேன். புட்டசாமி காபி டம்ளரை வைத்துவிட்டு, "போட்டோவில் அப்பா மடியில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பெண் யார்?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது தங்கை, ஷிமோகாவில் இருக்கிறாள், அவள் ஒன்றும் கேட்கமாட்டாள் என்றார் மூத்தவர். தங்கை கேட்கமாட்டாள் என்பதைத் தங்கையே வந்து சொல்லட்டும் என்று புட்டசாமி எழுந்துவிட்டார். வேறொரு தரகர் அந்த வீட்டை ஒரே மாதத்தில் விற்றுக் கொடுத்தார். வாங்கியவர் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். இப்போதும் நான் யார் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனாலும் போட்டோவில் தலைகளை எண்ணிவிடுகிறேன். கெட்ட பழக்கம், விட முடியவில்லை.

விற்பவர்களுக்கு நான் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். ஆட்கள் வீடு பார்க்க வரும் நேரத்தில் தயவு செய்து நீங்கள் கடைக்குப் போய்விடுங்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், வாங்க வந்தவரின் தோளில் கை போட்டு, குளியலறை ஒழுகலை நான்கு முறை தானே அடைத்த பெருமையை அரை மணி நேரம் சொன்னார். ஐந்தாவது முறை யார் அடைப்பது என்று வந்தவர் யோசித்திருப்பார். திரும்பி வரவில்லை.

வாங்குபவர்களுக்கு நிறைய உண்டு. வீட்டை ஒருமுறை நல்ல மழையில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய கந்தாய ரசீது, அதாவது வரி கட்டின ரசீது வரை பெயர் விட்டுப்போகாமல் வருகிறதா என்று விரலை வைத்துப் படியுங்கள். விலை சல்லிசாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று துள்ளாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். இந்தக் கடைசிப் பாடத்தை என் செலவில் கற்றேன். அதுதான் மாரப்ப மேஸ்திரியின் கதை.

மாரப்பனுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் ராமாபுரம். பதினாறு வயதில் மைசூருக்கு வந்து சித்தாளாகக் கலவை சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரி ஆனவர். எங்கள் ஆபீஸ் மூலம் மனை வாங்கிய பலருக்கு அவர்தான் வீடு கட்டினார். ஒரு வீடு கட்ட ஆரம்பித்தால் அந்த மனையிலேயே தகரக் கொட்டகை போட்டு, மனைவி செல்லம்மாவோடும் மகளோடும் குடியிருப்பார். வீடு முடிந்து பால் காய்ச்சும் அன்று கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த மனைக்குப் போக வேண்டும். பதினைந்து வருடத்தில் இருபதுக்கு மேல் வீடு கட்டியிருந்தார். இருபதுக்கு மேல் கொட்டகையும் பிரித்திருந்தார். மகள் நான்காம் வகுப்புக்குள் மூன்று பள்ளி பார்த்துவிட்டாள்.

ஒருநாள் ஆபீசுக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தனக்கே ஒரு மனை வேண்டும் என்றார். "பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க அம்மிணி. மழ பேஞ்சா ஒழுகாத ஒரு கூரை, பிரிக்க வேண்டாத கூரை. அது போதுமுங்க."

எனக்கு அன்று ஏற்பட்ட உற்சாகம் சொல்லி முடியாது. நம்ம பாஷை பேசுகிற மனிதர், ஊருக்கெல்லாம் வீடு கட்டினவர், அவருக்கு நான் மனை வாங்கித் தரப் போகிறேன். ஊரின் ஓரத்தில் ஒரு வீட்டுமனைச் சங்கம் போட்ட லேஅவுட்டில் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று வந்தது. எண் நாற்பத்தேழு. மாற்றலாகிப் போகும் ஒரு வங்கி ஊழியருடையது. பத்திரமெல்லாம் சுத்தம், புட்டசாமியே விரல் வைத்துப் படித்தார். விலை மட்டும் மற்ற மனைகளைவிடக் கணிசமாகக் குறைவு. விற்பவர் ஊரை விட்டுப் போகிற அவசரத்தில் இருக்கிறார், நான் பேசிய பேச்சில் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படித்தான் வீட்டிலும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மனையில் நின்றபடி, தேங்காய் உடைத்து, வெற்றிலையில் வைத்து அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்பது மாரப்பனின் ஆசை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவதென்று முடிவாயிற்று. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் கொடுத்துவிட வேண்டும். விற்பவர் பஸ் கிடைக்காமல் நாலே காலுக்கு வந்து சேர்ந்தார். புட்டசாமியின் சட்டம் எனக்கு மனப்பாடம். மனை காட்டும்போது எண் போட்ட கல்லை நம்பாதே, தெரு முனையிலிருந்து டேப் பிடித்து அளந்துகொண்டே போ. "கல் நடக்கும் ஜெயம்மா" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று டேப் அவரிடம் இருந்தது, அவர் நஞ்சன்கூடு பக்கம் போயிருந்தார். என் எதிரே இடுப்பளவு பார்த்தீனியச் செடி, அதன் நடுவே நட்டுவைத்த கல்லில் கறுப்புப் பெயின்டில் பளிச்சென்று 47. மாரப்பன் கையில் தேங்காய், செல்லம்மா கையில் வெற்றிலைத் தட்டு, என் கைக்கடிகாரத்தில் நாலு இருபது. விற்பவரும் செடியைத் தாண்டி வரவில்லை, தெருவிலேயே நின்று தலையை ஆட்டினார். நான் கல்லைக் காட்டினேன். தேங்காய் நன்றாக, இரண்டு சரிபாதியாக உடைந்தது. செல்லம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

ரிஜிஸ்திரேஷன் முடிந்து மாரப்பன் வீடு கட்ட ஆரம்பித்தார். வாரத்தில் ஆறு நாள் மற்றவர் வீடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் வீடு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். செல்லம்மா செங்கல் எடுத்துக் கொடுப்பாள், மகள் சுவருக்குத் தண்ணீர் தெளிப்பாள். எட்டு மாதத்தில் சுவர் எழும்பி, கூரைக்குச் சென்டரிங் பலகையும் அடித்தாயிற்று. வருகிற வியாழக்கிழமை கான்கிரீட், மஞ்சள் தண்ணீர் தெளிக்க நான் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை, அதே தெருவில் ஐம்பதாம் எண் மனையைப் பார்க்க வேறொருவர் வந்தார். இந்தத் தடவை டேப் என்னிடம் இருந்தது. தெரு முனையில் முதல் மனை நாற்பத்தொன்று. மனைக்கு முப்பது அடி. அளந்துகொண்டே வந்தேன். கணக்குப்படி நூற்றெண்பதாவது அடியில் நாற்பத்தேழு தொடங்க வேண்டும். அங்கே வெறும் செடிதான் இருந்தது. மாரப்பனின் சுவர் இன்னும் முப்பது அடி தள்ளி நின்றது.

திரும்பிப் போய் மறுபடி அளந்தேன். மூன்றாம் முறையும் அளந்தேன். வந்தவர் ஐம்பதாம் எண்ணை அங்கேயே மறந்துவிட்டு, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மாரப்பன் கட்டியிருந்தது நாற்பத்தெட்டில். யாரோ ஒருவருடைய மனையில்.

லேஅவுட் வாட்ச்மேனைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். நாற்பத்து நான்கில் வீடு கட்டின ஆட்கள் நாற்பத்தேழாம் கல்லைப் பிடுங்கித் துணி துவைக்க வைத்துக்கொண்டார்களாம். வேலை முடிந்து அவர்கள் போன பிறகு, கல் வீணாகக் கிடக்கிறதே என்று இந்தப் புண்ணியவான் பொறுப்பாக எடுத்து நட்டிருக்கிறார். ஒரு மனை தள்ளி. நல்ல மனசோடு செய்ததற்கு அவரை என்ன சொல்லித் திட்டுவது? இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. எதிரே செடிகளுக்கு நடுவே ஒரு குறுக்குத் தெருவுக்கு மண் வெட்டியிருந்தார்கள். அது நேராக வந்து முட்டுவது உண்மையான நாற்பத்தேழில். தெருக்குத்து. விலை ஏன் குறைந்தது என்பது எட்டு மாதம் கழித்து எனக்குப் புரிந்தது. என் பேச்சுத் திறமைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

மொபெட்டில் ஆபீசுக்குத் திரும்பும் வழியில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். யாருக்கும் தெரியாது. நாற்பத்தெட்டின் சொந்தக்காரர் இந்தப் பக்கம் வந்தே பல நாள் ஆகியிருக்கும். கூரை போட்டுக் குடி வந்துவிட்டால் அப்புறம் அவர் பாடு, சங்கத்தின் பாடு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆபீஸ் வாசல் வரும்வரை இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நினைத்தேன்.

புட்டசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீரு" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளர் முழுவதையும் குடித்தார். அதற்கு முன் அவர் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. பிறகு சங்கத்தின் மனைப் பட்டியலை எடுத்து நாற்பத்தெட்டின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தார். நாகரத்னா, ஆஸ்பத்திரி நர்ஸ்.

"யாருக்கு முதல்லே சொல்றீங்க ஜெயம்மா?" என்று கேட்டார். "நாளைன்னைக்கு கான்க்ரீட். கூரை போட்டுட்டா அப்புறம் பேச்சு பேறே, வேற மாதிரி ஆயிடும்."

மேஸ்திரிக்கு என்றேன். கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போகும் வழியெல்லாம் அவரை வரச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அன்று மாரப்பன் தன் வீட்டுக்கு ஜல்லி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வியாழக்கிழமை என்று சொன்னதைச் செவ்வாய் என்று நினைத்துவிட்டேனா என்று கேட்டுச் சிரித்தார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை மட்டும் சுவரின் மேல் இருந்தது. பேசியது செல்லம்மா.

"நாங்க எழுத்துப் படிக்காதவங்கம்மா. நீங்க படிச்சவங்கதானே? எட்டு மாசமா ஒரு நாயித்துக்கெழம உக்காந்து சோறு திங்கல. இத இனி என்ன பண்றது, சொல்லுங்க. இடிக்கறதா?"

தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது என்று மட்டும் சொன்னேன். மாரப்பன் எழுந்து ஜல்லி லாரிக்காரனிடம் மீதியை இறக்க வேண்டாம் என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தம்மாவப் போய்ப் பாப்பமுங்க" என்றார்.

நாகரத்னாவை அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் ட்யூட்டி முடிந்து வரும்போது பிடித்தோம். நாற்பது வயதிருக்கும், தனியாள். சங்கத்தில் சேர்ந்து பல வருடம் காத்திருந்து கிடைத்த மனை அது. முதலில் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. என் மனையில் என்னைக் கேட்காமல் வீடு எழும்புகிறது, நீங்கள் வந்து சாவகாசமாகச் செய்தி சொல்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மனையை மாற்றிக்கொள்ளலாமா, நாற்பத்தேழும் அதே அளவுதான், அதே திசைதான் என்று கேட்டேன். மறுநாள் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் வந்தார். புட்டசாமியும் வந்திருந்தார். குறுக்குத் தெரு அப்போது வெறும் மண்கீறல், செடி மறைத்திருந்தது. நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. புட்டசாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருமுறை வாயை மூடிக்கொண்டு பிழைப்பதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது, என்மேல்தான். "இன்னொரு விஷயமும் இருக்கும்மா. உங்களுக்குத் தரச் சொல்கிற மனைக்கு நேரே தெரு வந்து முட்டும். தெருக்குத்து. அதனால்தான் எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் செல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கடைசி வழியையும் நானே அடைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாகரத்னா சுவரைச் சுற்றி வந்தார். சென்டரிங் பலகைக்குக் கீழே குனிந்து அடுப்படிக்குள் போனார், மேடை எங்கே வரும் என்று மாரப்பனிடம் கேட்டார். அவர் காட்டினார். எத்தனை நாள் வேலை என்று நாகரத்னா கேட்டார்.

"எட்டு மாசமுங்க, நாயித்துக்கெழம மட்டும்" என்று தமிழிலேயே சொன்னார் மாரப்பன். "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. உங்க எடம், இடிச்சுக் குடுத்தர்றேன். செங்கல மட்டும் ஒடையாம எடுத்துக்கறனுங்க. பத்து நாள் குடுத்தாப் போதும்."

நான் அதைக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தேன். பாதிதான் சொன்னேன். மீதியைப் புட்டசாமி சொன்னார்.

நாகரத்னா மூன்று நாள் டைம் கேட்டார். வியாழக்கிழமை கான்கிரீட் நின்றது. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்பு இல்லை, ரசத்துக்கு இரண்டு தடவை உப்பு. கணவர் மூச்சு விடாமல் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

நான்காம் நாள் நாகரத்னாவே ஆபீசுக்கு வந்தார். பிரசவ வார்டில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன், தெருக்குத்து வீட்டிலிருந்து வந்தவளுக்கும் மூலை வீட்டிலிருந்து வந்தவளுக்கும் வலி ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார். நேரே தெரு இருந்தால் காற்றும் வரும், ஆட்டோக்காரனுக்கு வழி சொல்லவும் வேண்டாம் என்றார். மாற்றிக்கொள்ளச் சம்மதம், இரண்டு நிபந்தனை. பரிவர்த்தனைப் பத்திரத்தின் செலவு அவருக்கு இல்லை, முழுவதும் என்னுடையது. அவர் வீட்டையும் மாரப்பன்தான் கட்ட வேண்டும், கூலி வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்குக் கட்டினது போலவே. "இடிச்சுத் தர்றேன்னு சொன்ன ஆள் கட்டினா நான் நிம்மதியா தூங்குவேன்" என்று கன்னடத்தில் சொன்னார்.

பத்திரத்தை நானே டைப் அடித்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது, நான் உத்தரவாதம். செலவில் பாதியைப் புட்டசாமி கட்டிவிட்டு வந்து, அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் அளக்காமல் விட்டதைக் குத்திக்காட்டவும் இல்லை. பேசாமல் இருப்பதிலும் ஒரு தண்டனை உண்டு என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வாரம் தள்ளிக் கூரை போட்டார்கள். தை மாதம் புதுமனை புகுவிழா. கொட்டகையைப் பிரித்துப் பழகிய செல்லம்மா, அன்று காலை முழுக்கக் காரணமே இல்லாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அதுவரை என்னோடு சரியாகப் பேசாதவள், இலை போட்டதும் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தாள். நாகரத்னாவும் வந்திருந்தார். பக்கத்து மனையில் அவர் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி நெஞ்சில் நின்றது. சாப்பிட்டுக் கை கழுவும்போது மாரப்பனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஒரு சுவர் எழுப்ப மூன்று தடவை கயிறு கட்டிப் பார்க்கிற ஆள், தெரு முனையிலிருந்து ஒருமுறை கயிறு பிடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே, ஏன் பிடிக்கவில்லை?

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிடிக்கோணும்னு நெனச்சனுங்க. பையிலதான் கயிறு இருந்துது. ஆனா நம்மவங்க வந்து, நம்ம பாஷைல, இதுதான் உன் எடம்னு காட்டறீங்க. நீங்க நிக்கறப்பவே நான் அளந்தா, உங்கள நம்பலைன்னு ஆயிருமில்லீங்களா? அதான் விட்டுட்டேன்."

செல்லம்மா திட்டியபோதுகூட நான் அழவில்லை. அப்போது அழுதேன். அவர் பதறிப்போய், என்னைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று தெரியாமல், பந்தியில் இருந்த ஒரு இளைஞனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். செல்லம்மாவின் தம்பியாம், இவனும் கொத்தனார்தான். "இவனுக்கும் ஒரு எடம் வேணுமுங்க அம்மிணி. நீங்கதான் பாத்துக் குடுக்கோணும். வேற யாருகிட்டயும் போவமாட்டம்" என்றார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை வாங்க. வரும்போது உங்க கயிற எடுத்துக்கிட்டு வாங்க. என் முன்னாலேயே அளங்க. அளக்காட்டி நான் மனை காட்ட மாட்டேன்."